‘ஏற்புடைய பயன்பாடு’: முகிற் கணிமை நிறுவனங்களின் விதிமுறைகள் பற்றிய ஒரு திறனாய்வு நோக்கு

திறனாய்வு என்றதும் கவிதையும் நாவலும் சிறுகதையும் நாடகமுமே நம் மனக்கண் முன் தோன்றுகின்றன. அவற்றின்மீதே நாம் திறனாய்வைப் பயின்றோம் ஆதலின் இதில் வியப்பொன்றுமில்லை. எனினும், ஒரு பிரதியிற் பேசுபவர் யார், எவரை நோக்கிப் பேசுகிறார், எதனைச் சொல்லாது விடுகிறார், எவருடைய நலன் அச்சொற்களுக்குப் பின்னால் நிற்கின்றது என்னும் வினாக்கள் இலக்கியத்துக்கு மாத்திரம் உரியனவல்ல. காணி உறுதியும் குத்தகைப் பத்திரமும் அரசாங்க வர்த்தமானியுங்கூட மொழியால் ஆனவையே. அவற்றின் மொழி மனிதரின் வாழ்வை நேரடியாகவே கட்டுப்படுத்துகின்றது. இக்கட்டுரை அத்தகைய பிரதியொன்றை எடுத்துக்கொள்கின்றது. கணினிச் சேவை நிறுவனங்கள் தம் வாடிக்கையாளர்க்கு விதிக்கும் ‘ஏற்புடைய பயன்பாட்டுக் கொள்கை’ என்பதே அது. இச்சஞ்சிகையின் பக்கங்களுக்கு இது பொருந்துமா என ஐயுறுவோர் இருக்கலாம். அவர்கள் தம் கட்டுரையின் இறுதி வரைவு எங்கே சேமிக்கப்பட்டிருக்கின்றது என்பதை ஒரு கணம் எண்ணிப் பார்ப்பார்களாக.

முகிற் கணிமை பெயரளவிலேதான் முகில். வேறொருவருக்குச் சொந்தமான பெருங்கட்டடத்தில், வேறொருவரின் மின்சாரத்தில், குளிரூட்டப்பட்ட மண்டபங்களில் அடுக்கப்பட்ட கணினிகளை நாம் தொலைவிலிருந்து வாடகைக்குப் பயன்படுத்துகின்றோம் என்பதே அதன் பொருள். அமேசன் நிறுவனம் 2006ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் சேமிப்பிடத்தையும், அதே ஆண்டு ஓகஸ்டில் கணிப்பு ஆற்றலையும் இவ்வாறு வாடகைக்கு விடத் தொடங்கியது. அமேசன், மைக்ரோசொஃப்ட், கூகிள் ஆகிய மூன்றுமே இன்று இத்துறையில் உலகின் பெருநிறுவனங்கள். வைத்தியசாலையின் பதிவேடு, வங்கியின் கணக்கு, பத்திரிகையின் இணையத்தளம், மாணவரின் ஆய்வேடு எனப் பலவும் இவர்களின் மண்டபங்களிலே குடியிருக்கின்றன. குடியிருப்போர் யாவரும் ஒரு சிறு பெட்டியில் அடையாளமிட்டு இணக்கம் தெரிவித்தவர்களே. எதற்கு இணங்கினோம் என்று கேட்டால் விடைகூறக் கூடியவர் மிகச் சிலர்.

இப்பிரதியை எவரும் வாசிப்பதில்லை என்பதை அதனை எழுதியவர்களும் நன்கறிவர். 2016ஆம் ஆண்டு அமேசன் நிறுவனம் ‘லம்பர்யார்ட்’ என்னும் விளையாட்டு உருவாக்க மென்பொருளை வெளியிட்டபோது, மருத்துவக் கருவிகள், வானூர்திகள், அணு நிலையங்கள் போன்ற உயிராபத்துள்ள இடங்களில் அதனைப் பயன்படுத்தலாகாது எனத் தன் சேவை விதிகளில் எழுதியது. அடுத்து வந்தது ஒரு விதிவிலக்கு. ஏதேனுமொரு நோய்க்கிருமியினால் இறந்தோரின் பிணங்கள் எழுந்து உயிருள்ளோரின் தசையை உண்ணத் தலைப்பட்டு, அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு நிலையமும் அதனை உறுதிப்படுத்துமாயின் மேற்படி தடை பொருந்தாதாம்! சட்டத்தரணிகளின் நகைச்சுவை என்று இதனைச் சிரித்துக் கடந்துவிடலாம். ஆயினும், வாசகர் இல்லை என்ற நிச்சயத்திலேதான் இத்தகைய நகைச்சுவை பிறக்க முடியும். வாசகரற்ற பிரதி வாசகரின் உரிமைகளை நிர்ணயிக்கின்றது என்பதே இங்கு மனங்கொள்ளத்தக்கது.

‘ஏற்புடைய பயன்பாடு’ என்னும் தொடரின் வரலாறு சுவையானது. அமெரிக்க அரசின் தேசிய விஞ்ஞான மன்றம் 1980களின் நடுப்பகுதியிலிருந்து பல்கலைக்கழகங்களை இணைக்கும் கணினி வலையமைப்பொன்றை நடத்திவந்தது. இன்றைய இணையத்தின் முதுகெலும்பாக அமைந்தது அது. அவ்வலையமைப்புக்கும் ஓர் ஏற்புடைய பயன்பாட்டுக் கொள்கை இருந்தது. ஆய்வும் கல்வியும் ஏற்புடையன, இலாபநோக்குடைய வாணிகம் ஏற்புடையதன்று என்பதே அதன் சாரம். பொதுப்பணத்திற் கட்டப்பட்ட வீதியில் வணிகரின் வண்டிகள் ஓடலாகாது என்ற நியாயம் அதில் இருந்தது. பின்னர் வணிகத்துக்கு வழி திறக்கப்பட்டது. 1995ஆம் ஆண்டு ஏப்ரலில் அவ்வலையமைப்பின் முதுகெலும்பே மூடப்பட்டு, அதன் பணி தனியார் நிறுவனங்களின் கைக்குச் சென்றது. கல்விச்சாலையிலிருந்து வணிகரை விலக்கி வைக்கப் பிறந்த சொற்றொடர், வணிகரின் கட்டடத்துள் கல்வியாளர் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் எனக் கூறும் சொற்றொடராக இன்று மாறியுள்ளது. சொல் மாறவில்லை. அதனைச் சொல்லும் வாய் மாறிவிட்டது.

நிறுவனங்கள் ஏன் கட்டுப்பாடு விதிக்கின்றன என்ற வினாவுக்கு நம்மிடையே இரண்டு ஆயத்த விடைகள் உலவுகின்றன. ‘இது சாதாரண ஒப்பந்தம், விருப்பமில்லாதவர் விலகலாம்’ என்பது ஒன்று. ‘முதலாளித்துவத்தின் இயல்பே இதுதான், இதில் ஆராய என்ன இருக்கிறது’ என்பது மற்றது. ஒன்றுக்கொன்று எதிரானவை போலத் தோன்றினும், பிரதியை விரித்துப் பார்க்கும் உழைப்பிலிருந்து நம்மை விடுவிப்பதில் இரண்டும் ஒன்றே. விரித்துப் பார்ப்பின், வெவ்வேறு காரணங்களிலிருந்து பிறந்த விதிகள் ஒரே தாளில் ஒரே குரலிற் கலந்து கிடப்பதைக் காணலாம்.

அவற்றுட் சில நியாயமானவை என்பதை முதலிலேயே கூறிவிட வேண்டும். முகிற் சேவை என்பது பலர் ஒருமித்து வாழும் வீடு. ஒரே இயந்திரத்தில் ஒன்றையொன்று அறியாத பல வாடிக்கையாளர்களின் வேலைகள் ஓடுகின்றன. இணைய முகவரிகளும் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. ஒருவர் அம்முகவரியிலிருந்து இலட்சக்கணக்கில் வேண்டா மின்னஞ்சல்களை அனுப்புவாராயின், அம்முகவரி தடைப்பட்டியலில் ஏறிவிடும். நாளை அதே முகவரியைப் பெறும் அப்பாவி வணிகரின் கடிதங்களும் உரியோரைச் சென்றடையா. இதனாலேதான் மின்னஞ்சல் அனுப்பும் வாயிலாகிய 25ஆம் இலக்கத் துறையை அமேசனும் கூகிளும் இயல்பாகவே மூடிவைக்கின்றன. ஒருவர் கிணற்றில் அழுக்கைக் கொட்டினால் ஊரே குடிநீரை இழக்கும். பங்குக் கிணற்றுக்குக் கட்டுப்பாடு வேண்டும் என்பதை யாழ்ப்பாணத்தவர்க்கு விளக்க வேண்டியதில்லை.

எண்ணிம நாணய அகழ்வு பற்றிய தடையும் பெரும்பாலும் இவ்வகையினதே. மைக்ரோசொஃப்ட் நிறுவனம் 2022ஆம் ஆண்டு டிசெம்பர் முதல், முன் அனுமதியின்றி அதன் சேவைகளில் இவ்வகழ்வைச் செய்யலாகாது என விதித்தது. திருடிய கடனட்டைகளாலும் இலவசப் பரீட்சார்த்தக் கணக்குகளாலும் கணிப்பு ஆற்றலைப் பெற்று அதனை நாணயமாக மாற்றுவது ஒரு தொழிலாகவே வளர்ந்திருந்தது. இழப்பு நிறுவனத்துக்கு, இலாபம் திருடனுக்கு. இங்கு தடைவிதித்ததைக் குறைகூற இயலாது.

எனினும் இந்நியாயத்துள்ளும் ஒரு நெருடல் உண்டு. வாடிக்கையாளர் அனைவரும் தாம் வாங்கியதை முழுமையாகப் பயன்படுத்தமாட்டார் என்ற கணிப்பின்மீதே பல சேவைகளின் விலை நிர்ணயிக்கப்படுகின்றது. பயன்படுத்தினால் அவரே குற்றவாளியாகின்றார். ‘எல்லையற்ற’ சேமிப்பிடம் என்னும் விளம்பரத்தின் கதை இதற்கு நல்ல சான்று. மைக்ரோசொஃப்ட் அளித்த எல்லையற்ற சேமிப்பு 2015ஆம் ஆண்டு நவெம்பரில் மீளப்பெறப்பட்டது. சிலர் 75 டெராபைற்றுக்கு மேற் சேமித்தனர் என்றும், அது சராசரிப் பயனரின் அளவைப் போல 14,000 மடங்கு என்றும் நிறுவனம் காரணங் கூறியது. கூகிள் நிறுவனம் கல்வி நிலையங்களுக்கு அளித்துவந்த எல்லையற்ற சேமிப்பையும் நிறுத்தப்போவதாக 2021இல் அறிவித்து, 2022ஆம் ஆண்டு யூலை முதல் ஒரு நிறுவனம் முழுமைக்கும் 100 டெராபைற் என வரையறுத்தது. பல்லாயிரம் மாணவர் பயிலும் பல்கலைக்கழகங்கள், சேமிப்பிடம் முடிவற்றது என்று நம்பித் தம் சொந்தச் சேவையகங்களைக் கைவிட்ட பின்னரே இவ்வரையறை வந்தது. ‘எல்லையற்ற’ என்னும் பெயரடை பொய்யென்று சொல்வதிலும், அது வாடிக்கையாளரை உள்ளே அழைப்பதற்கு மட்டும் எழுதப்பட்ட சொல் என்பதே பொருந்தும். இலக்கியத்தில் இதனை மிகைநவிற்சி என்போம். ஒப்பந்தத்தில் இதற்கு வேறு பெயர் உண்டு.

இரண்டாவது வகை விதிகள் அரசின் சட்டத்திலிருந்து கசிந்து வருபவை. அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, வாடிக்கையாளர் செய்யும் பதிப்புரிமை மீறலுக்குச் சேவை நிறுவனம் பொறுப்பாகாதிருக்க வேண்டுமாயின், மீண்டும் மீண்டும் மீறுவோரை வெளியேற்றும் கொள்கை அதனிடம் இருத்தல் வேண்டும். ஆகவே நிறுவனம் தன் பாதுகாப்புக்காகவே காவலராகின்றது. பொருளாதாரத் தடைகளும் இவ்வாறே. 2019ஆம் ஆண்டு யூலையில் மென்பொருளாளர்கள் தம் நிரல்களைச் சேமித்துவைக்கும் ‘கிற்ஹப்’ தளம், ஈரான், சிரியா, கிரைமியா ஆகிய இடங்களைச் சேர்ந்தோரின் கணக்குகளை முடக்கியது. அது மைக்ரோசொஃப்டுக்குச் சொந்தமான தளம். முடக்கப்பட்டோருட் பலர் நம்மைப் போன்ற இளைஞர்கள். அவர்களின் குற்றம் இருப்பிடம் ஒன்றே. அமெரிக்கத் திறைசேரியிடம் உரிமம் பெற்று 2021ஆம் ஆண்டு ஜனவரியிலேயே ஈரானியருக்கு அத்தளம் மீளத் திறக்கப்பட்டது. இங்கு முடிவெடுத்தது நிறுவனமன்று, வாஷிங்ரன் என்பது உண்மையே. ஆயினும் கதவை மூடிய கை நிறுவனத்தினுடையது. அரசொன்று தன் எல்லைக்கு அப்பால் நேரடியாகச் செய்யமுடியாததை அக்கை செய்துமுடிக்கின்றது.

அஞ்சிய காவலர் எவ்வாறு நடப்பார் என்பதற்கு மற்றொரு நிகழ்ச்சி சான்றாகும். 2021ஆம் ஆண்டு பெப்ரவரியில் சான்பிரான்சிஸ்கோவில் ஒரு தந்தை, நோயுற்றிருந்த தன் சிறு மகனின் உடலை மருத்துவருக்குக் காட்டும் பொருட்டுப் படம்பிடித்தார். கைத்தொலைபேசியிலிருந்து அப்படம் தானாகவே கூகிளின் முகிலிற் சேமிக்கப்பட்டது. சிறுவர் துர்ப்பிரயோகப் படங்களைத் தேடும் இயந்திரம் அதனைக் குறித்துக்கொண்டது. இரு தினங்களில் அவரது கணக்கு முடக்கப்பட்டது. மின்னஞ்சல், முகவரிகள், படங்கள், அந்நிறுவனத்தினூடாகப் பெற்ற தொலைபேசி இலக்கம் யாவும் ஒருங்கே பறிபோயின. பொலிசார் விசாரித்துக் குற்றம் எதுவுமில்லை எனக் கண்டனர். கணக்கோ மீளவில்லை. 2022ஆம் ஆண்டு ஓகஸ்டில் நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகை இதனை வெளிக்கொணர்ந்த பின்னரும் நிறுவனம் தன் முடிவிலிருந்து அசையவில்லை. அத்தகைய படங்களைத் தேடித் தடுப்பது வேண்டியதே என்பதில் எவர்க்கும் கருத்து வேறுபாடு இருக்க முடியாது. அரசின் பொலிசார் குற்றமற்றவர் என விடுவித்த ஒருவரை விடுவிக்கும் கதவு ஏன் இப்பிரதியில் இல்லை என்பதே நம் வினா.

மூன்றாவது வகையை நான் சற்று விரிவாக நோக்க விரும்புகின்றேன். ஏனெனில் பல்கலைக்கழகத்தின் தொழிலாகிய ஆராய்ச்சியை அது நேரடியாகவே தொடுகின்றது. 1983ஆம் ஆண்டு அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் டேவிட் டிவிற் என்னும் கணினியியலாளர் தம் சகாக்களுடன் தரவுத்தள மென்பொருள்களின் வேகத்தை ஒப்பிட்டு அளவிட்டு வெளியிட்டார். ஒராக்கிள் நிறுவனத்தின் மென்பொருள் அவ்வொப்பீட்டிற் பின்தங்கியிருந்தது. அந்நிறுவனத்தின் தலைவர் லறி எலிசன் துறைத்தலைவரை அழைத்து டிவிற்றைப் பதவிநீக்குமாறு கேட்டார் என்று கணினியியலார் வட்டத்தில் இன்றும் பேசப்படுகின்றது. டிவிற் பதவியிழக்கவில்லை. ஆனால் ஒராக்கிளின் உரிம ஒப்பந்தத்தில் ஒரு புதிய விதி இடம்பெற்றது. நிறுவனத்தின் ஒப்புதலின்றி அளவீட்டு முடிவுகளை எவரும் வெளியிடலாகாது என்பதே அது. வேறு நிறுவனங்களும் இதனைப் பின்பற்றின. அவ்விதிகளுக்கு ‘டிவிற் விதி’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. மெய்யை அளந்தவரின் பெயரே அளவீட்டைத் தடுக்கும் விதிக்கு வாய்த்ததை முரணணி என்பதா? காலப்போக்கில் சில முகிற் சேவை நிறுவனங்கள் இதனைத் தளர்த்தின. அமேசன் தன் சேவைகளை அளவிட்டு வெளியிட அனுமதிக்கின்றது. அளவிடுபவரும் தம் பொருளை அளவிட இடமளிக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனைகளுள் ஒன்று.

நூலொன்றை வாங்கியவர் அதனைப் பற்றி மதிப்புரை எழுதலாகாது எனப் பதிப்பாளர் முன்பக்கத்தில் அச்சிட்டால் நாம் நகைப்போம். மென்பொருளில் அதே விதி நாற்பது ஆண்டுகளாக வாழ்கின்றது. இதனைப் பங்குக் கிணற்றின் நியாயத்தால் விளக்க முடியாது. பிற வாடிக்கையாளர் எவருக்கும் இதனாற் பாதுகாப்பு இல்லை. காக்கப்படுவது நிறுவனத்தின் சந்தை ஒன்றே.

இதே இனத்தைச் சேர்ந்தவை வேறும் உள. 2017ஆம் ஆண்டின் இறுதியில் என்விடியா நிறுவனம், விளையாட்டுக் கணினிகளுக்கென விற்கும் தன் மலிவான வரைகலை அட்டைகளைத் தரவு மையங்களிற் பயன்படுத்தலாகாது என அவற்றை இயக்கும் மென்பொருளின் உரிமத்தில் எழுதியது. பன்மடங்கு விலைகூடிய வேறோர் அட்டை தரவு மையங்களுக்கென அந்நிறுவனத்திடம் விற்பனைக்கு இருந்தது. விற்ற பொருளின்மீதும் விற்றவரின் கை நீள்வதற்கு மென்பொருள் உரிமம் எவ்வாறு வழி செய்கின்றது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டவியலாது. 2019ஆம் ஆண்டு ஒக்ரோபரில் மைக்ரோசொஃப்ட் தன் மென்பொருளுக்கான உரிம விதிகளை மாற்றியது. வாடிக்கையாளர் ஏற்கெனவே பெற்ற உரிமத்தைக் கொண்டு அமேசன், கூகிள் போன்ற போட்டியாளரின் முகிலில் அம்மென்பொருளை ஓட்டுவது கடினமும் செலவு மிக்கதுமாயிற்று. ஐக்கிய இராச்சியத்தின் போட்டி மற்றும் சந்தைகள் அதிகாரசபை 2025ஆம் ஆண்டு யூலை 31ஆந் திகதி வெளியிட்ட இறுதித் தீர்மானத்தில், இவ்வுரிம நடைமுறைகள் முகிற் சந்தையிற் போட்டியைப் பாதிக்கின்றன எனக் கண்டது. அந்நாட்டில் அமேசனும் மைக்ரோசொஃப்டும் ஒவ்வொன்றும் வாடிக்கையாளர் செலவில் 30 முதல் 40 வீதம் வரை பெறுகின்றன எனவும் அது கூறியது. ‘விருப்பமில்லாதவர் விலகலாம்’ என்னும் முதலாவது ஆயத்த விடை இந்த எண்களின் முன் வலுவிழக்கின்றது. விலகிச் செல்வதற்கு அடுத்த கட்டடம் ஒன்று அல்லது இரண்டே உள்ளபோது விருப்பம் என்னும் சொல்லுக்கு எவ்வளவு பொருள் எஞ்சும்?

நான்காவதாக, நிறுவனத்தின் நற்பெயரைக் காப்பதற்கும் அரசியல் நெருக்குதலைத் தணிப்பதற்கும் பயன்படுத்தப்படும் விதிகள். செய்தித்தாள்களின் கவனத்தை ஈர்ப்பவை இவையே. 2010ஆம் ஆண்டு நவெம்பர் இறுதியில் அமெரிக்க இராஜதந்திரத் தந்திகளை வெளியிடத் தொடங்கிய விக்கிலீக்ஸ், இணையத் தாக்குதலிலிருந்து தப்பும் பொருட்டு அமேசனின் சேவையகங்களுக்கு இடம்பெயர்ந்தது. செனற்றர் ஜோ லீபர்மனின் அலுவலகம் அமேசனிடம் இதுபற்றி விசாரித்தது. டிசெம்பர் முதலாந் திகதி விக்கிலீக்ஸ் வெளியேற்றப்பட்டது. அரசின் விசாரணையால் அவ்வாறு செய்யவில்லை என்று அமேசன் அறிக்கை விடுத்தது. வாடிக்கையாளர் தாம் வெளியிடுவனவற்றின் உரிமைகளைக் கொண்டிருக்க வேண்டும், வெளியீட்டால் எவர்க்கும் தீங்கு விளையலாகாது என்னும் இரு விதிகள் மீறப்பட்டமையே காரணம் என்றது. இக்காரணத்தைச் சற்றே உரசிப் பார்ப்போம். அமெரிக்கச் சட்டப்படி அந்நாட்டு அரசு அலுவலர் தம் பணியின்போது எழுதியவற்றுக்கு அங்கு பதிப்புரிமை கிடையாது. ஆகவே உரிமை பற்றிய வாதம் பதிப்புரிமையைக் குறிப்பதாயின் நிற்காது. அதே தந்திகளை உலகின் பெரும் பத்திரிகைகளும் அந்நாட்களில் வெளியிட்டுக்கொண்டிருந்தன. எந்த நீதிமன்றமும் வெளியீட்டைத் தடைசெய்திருக்கவில்லை. தீங்கு பற்றிய அச்சத்தை நான் எளிதாகத் தள்ளிவிடமாட்டேன். தந்திகளிற் பெயர் குறிக்கப்பட்ட சாதாரண மனிதர் ஆபத்துக்குள்ளாகலாம் என்ற கவலை மெய்யானது. ஆயின் அக்கவலையை எடைபோட்டுத் தீர்ப்பளித்தவர் யார்? எந்த விசாரணையின் பின்?

பத்தாண்டுகள் கழித்து அதே பிரதி வேறொருவர்மீது பாய்ந்தது. 2021ஆம் ஆண்டு ஜனவரி 6ஆந் திகதி வாஷிங்ரனில் அமெரிக்கப் பாராளுமன்றக் கட்டடம் தாக்கப்பட்டதை அடுத்து, வலதுசாரிகள் கூடிய ‘பார்லர்’ தளத்தை அமேசன் 10ஆந் திகதி இரவு நிறுத்தியது. வன்முறையைத் தூண்டும் 98 பதிவுகளைப் பல வாரங்களாகச் சுட்டிக்காட்டியும் அத்தளம் அவற்றை உரியவாறு கட்டுப்படுத்தவில்லை என்பது அமேசனின் வாதம். பார்லர் வழக்குத் தொடுத்தது. சியாற்றில் நகரில் நீதிபதி பார்பரா றொத்ஸ்ரைன் ஜனவரி 21ஆந் திகதி இடைக்கால நிவாரணத்தை மறுத்தார். அத்தளம் மீண்டும் தோன்ற ஒரு மாதத்துக்கு மேலாயிற்று.

2025ஆம் ஆண்டு ஓகஸ்டில், இஸ்ரேலிய இராணுவத்தின் 8200ஆம் பிரிவு பலஸ்தீனியரின் தொலைபேசி உரையாடல்களைப் பெருமளவிற் பதிவுசெய்து மைக்ரோசொஃப்டின் முகிலிற் சேமித்துவந்ததாகக் கார்டியன் பத்திரிகை ஏனைய இரு செய்தி நிறுவனங்களுடன் இணைந்து வெளிப்படுத்தியது. நிறுவனத்தின் ஊழியர்களே பல மாதங்களாக எதிர்ப்புத் தெரிவித்துவந்திருந்தனர். செப்ரெம்பர் 25ஆந் திகதி, குடிமக்களைப் பெருமளவிற் கண்காணிக்கத் தன் தொழினுட்பத்தை வழங்குவதில்லை என்னும் விதியைச் சுட்டி, இஸ்ரேலியப் பாதுகாப்பு அமைச்சின் ஒரு பிரிவுக்கான சில சேவைகளை மைக்ரோசொஃப்ட் நிறுத்தியது. வாடிக்கையாளரின் தரவைத் தான் திறந்து பார்க்கவில்லை என்றும், தன் சொந்த வணிகப் பதிவேடுகளைக் கொண்டே இம்முடிவுக்கு வந்ததாகவும் அந்நிறுவனத்தின் தலைவர் பிறட் ஸ்மித் கூறினார். அதாவது, விதி ஏட்டில் இருந்தது. அதனை இயங்கச் செய்தவை பத்திரிகையாளரின் உழைப்பும் ஊழியரின் எதிர்ப்பும்.

இம்மூன்று நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது நமக்கு ஒரு சங்கடம் நேர்கின்றது. முதலாவதைக் கண்டித்து, இரண்டாவதைப் பாராட்டி, மூன்றாவதை வரவேற்பவர் நம்மிடையே பலர். என் சொந்தச் சாய்வும் அத்திசையிலேயே உள்ளது. ஆனால் விளைவு நமக்குப் பிடித்திருந்தபோது ‘நிறுவனம் கடமையைச் செய்தது’ என்றும், பிடிக்காதபோது ‘நிறுவனம் அத்துமீறியது’ என்றும் பேசுவது திறனாய்வாகாது. கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் தலைவர் மத்தியூ பிறின்ஸ் இதனை வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டவர். 2017ஆம் ஆண்டு ஓகஸ்டில் நாசிக் கருத்துக்களைப் பரப்பிய தளமொன்றைத் தன் சேவையிலிருந்து நீக்கியபோது, அன்று காலை தான் கெட்ட மனநிலையில் எழுந்ததாகவும் அதனால் அம்முடிவை எடுத்ததாகவும் ஊழியர்க்கு எழுதினார். இத்தகைய அதிகாரம் எவரிடமும் இருக்கலாகாது என்பதையும் அவரே எழுதினார். நீக்கப்பட்ட தளத்துக்காக வருந்துவோர் அரிது. ஒரு மனிதரின் காலைநேர மனநிலை பொதுக்கருத்தின் வாயிலைத் திறக்கவும் மூடவும் வல்லதாயிருப்பதை எண்ணியே நாம் கவலையுற வேண்டும்.

இனிப் பிரதியின் நடைக்கு வருவோம். அமேசனின் ஏற்புடைய பயன்பாட்டுக் கொள்கை மிகச் சுருக்கமானது. சட்டவிரோதச் செயல், பிறருரிமை மீறல், வன்முறைத் தூண்டல், சிறுவர் துர்ப்பிரயோகம், கணினிப் பாதுகாப்பைக் குலைத்தல், வேண்டா அஞ்சல் என்பன அதிற் சில வரிகளில் நிரல்படுத்தப்பட்டுள்ளன. ‘பிறருரிமை மீறல்’ என்னும் இரு சொற்களுள் எதனை அடக்க முடியாது? ‘நாம்’ எனப் பேசும் நிறுவனம், ‘நீங்கள்’ எனப்படும் வாடிக்கையாளர், இவ்விருவரே இத்தகைய கொள்கைகளின் பாத்திரங்கள். ‘நாம்’ தீர்மானிக்கலாம், நிறுத்தலாம், மாற்றலாம். ‘நீங்கள்’ இணங்கலாம். ‘நீங்கள்’ வாய்திறந்து பேசும் ஒரு வாக்கியமேனும் அவற்றில் இருப்பது அரிது. மேலும், பங்குக் கிணற்றைக் காக்கும் விதியும் சந்தையைக் காக்கும் விதியும் நற்பெயரைக் காக்கும் விதியும் ஒரே ஒப்பந்தக் கட்டில், ஒரே ஒழுக்கத் தொனியில் எழுதப்படுகின்றன. ‘ஏற்புடைய’ என்னும் பெயரடையின் பணி இங்கேதான் தெளிவாகின்றது. யாருக்கு ஏற்புடையது என்பதைச் சொல்லாது விடுவதன்மூலம், நிறுவனத்தின் நலனை அது பொதுநலன்போலத் தோன்றச் செய்கின்றது. இத்தெளிவின்மை எழுத்தாளரின் திறமைக்குறைவால் நேர்ந்ததன்று. அரசுக்கும் பங்குதாரருக்கும் ஊழியருக்கும் நாளை யாருக்குப் பதில்சொல்ல நேரும் என்று தெரியாத நிறுவனத்துக்குத் தெளிவான விதி ஒரு விலங்கு.

அவ்வாறாயின் விதிகளே வேண்டாமா எனக் கேட்கலாம். விதிகளற்ற முகிலில் முதலிற் குடியேறுபவர் திருடராகவே இருப்பர். ஒரு விதி எக்காரணத்தினின்றும் பிறந்தது என்பதை வெளிப்படையாக எழுதுவதும், தண்டிக்குமுன் காரணத்தைக் கூறுவதும், மறுமொழிக்கு இடமளிப்பதும், விலகுபவர் தம் உடைமையுடன் விலகுவதும் கேட்கத்தகாத கோரிக்கைகளல்ல. இவற்றிற் சில ஐரோப்பாவில் ஏற்கெனவே சட்டமாகியுள்ளன. 2024ஆம் ஆண்டு பெப்ரவரி 17 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் எண்ணிமச் சேவைகள் சட்டம், பிறரின் உள்ளடக்கத்தைச் சேமித்துவைக்கும் நிறுவனங்கள் அதனை நீக்கும்போதோ கணக்கை முடக்கும்போதோ காரணத்தை எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்கின்றது. 2025ஆம் ஆண்டு செப்ரெம்பர் 12 முதல் நடைமுறைக்கு வந்த தரவுச் சட்டம், ஒரு முகிலிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவோரிடம் அறவிடப்படும் கட்டணத்தை 2027ஆம் ஆண்டு ஜனவரி 12 முதல் முற்றாக ஒழிக்கின்றது. இச்சட்டம் வருவதை அறிந்தே கூகிளும் அமேசனும் மைக்ரோசொஃப்டும் 2024இன் முற்பகுதியில், முற்றாக விலகிச் செல்வோர் தரவை வெளியே எடுக்கும் கட்டணத்தைக் கைவிட்டன என்று கருத இடமுண்டு. பல ஆண்டுகளாகத் தொழினுட்பத் தேவை என விளக்கப்பட்டுவந்த கட்டணம் சில வாரங்களுள் தேவையற்றதாகிவிட்டது.

இச்சட்டங்கள் ஐரோப்பிய ஒன்றியத்தில் உள்ளோருக்கு எழுதப்பட்டவை. பேராதனையிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்து அதே பெட்டியில் அடையாளமிடும் மாணவருக்கு அவை எவ்வுரிமையையும் அளிப்பதில்லை. அவரது கணக்கு நாளை முடக்கப்படுமாயின் அவர் நிரப்பக்கூடியது, சான்பிரான்சிஸ்கோத் தந்தை நிரப்பியதைப் போன்ற ஒரு மேன்முறையீட்டுப் படிவமே.